பிரேக் வாத்தியார் வீட்டுச் சாப்பாட்டு மேசை

டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு பிரேக் வாத்தியார் என்று பெயர். கற்றுக்கொள்ள வந்தவர்கள் நட்டநடுச் சாலையில் வண்டியை அணைத்துவிட்டு வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாலும் அவர் ஸ்டியரிங்கில் கை வைக்க மாட்டார். தன் பக்கம் இருக்கும் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, "அவசரமில்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரனை அலறவிட்டால் அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. அப்பேர்ப்பட்ட பொறுமைசாலி, வீட்டில் சாப்பாட்டு வேளை வந்தால் ஆளே மாறிவிடுவார்.

எல்லாம் அருமை மகள் சிட்டுவால் வந்தது. ஐந்து வயது. கையில் போன் இருந்தால்தான் வாய் திறக்கும். அவள் படம் பார்க்கிற சாக்கில் இவர் கரண்டியை உள்ளே தள்ளுவார். சாப்பிட்டது என்ன என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தட்டில் பச்சையாக ஏதாவது தென்பட்டுவிட்டால் வாய்க்குப் பூட்டு விழும். "அப்பாவுக்காக ஒரு வாய்" என்று கெஞ்சுவார், மிட்டாய் தருகிறேன் என்று பேரம் பேசுவார், கடைசியில் அதட்டுவார். மாடியில் குடியிருந்த அவருடைய அக்கா வேறு, "மூக்கைப் பிடிச்சு ஊட்டுடா, தானா இறங்கும்" என்று தூபம் போடுவாள்.

அடுத்த மாதம் சிட்டு பள்ளிக்கூடம் போகவேண்டும். அங்கே ஊட்டிவிட யார் இருக்கிறார்கள்? பிள்ளை பட்டினி கிடப்பாளே என்ற கவலை அவரை அரித்துத் தின்றது.

ஒரு சாயங்காலம், மருந்துக் கடையில் வேலை முடித்து வந்த மனைவி இந்தக் கூத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"ஏங்க, கத்துக்க வர்றவங்க தப்பா ஓட்டினா ஸ்டியரிங்கைப் பிடுங்கிடுவீங்களா?"

"பிடுங்கினா அவங்க எப்ப கத்துக்கறது?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மனைவி அத்தோடு விட்டாளா? "உங்க தட்டையும் கொஞ்சம் பாருங்க" என்றாள். தட்டின் ஓரத்தில் அவர் ஒதுக்கி வைத்த பீன்ஸ் குவிந்து கிடந்தது. மனுஷர் சட்டென்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் போன் அலமாரிக்குள் போனது. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். என்ன சமைப்பது என்பது பெரியவர்கள் பாடு, எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பது சிட்டுவின் பாடு. அவள் முதலில் வெறும் சோற்றை மட்டும் அளைந்தாள். வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். மேசைக்கடியில் அவர் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்ததை மனைவி பார்த்து, வாயைப் பொத்திச் சிரித்தாள். அவரும் தன் பங்கு பீன்ஸை, முகம் அஷ்டகோணலாக, மென்று விழுங்கினார்.

"உனக்குப் புடிக்கலையாப்பா?" என்றாள் சிட்டு.

"புடிக்கல. பழகிப் பாக்கறேன்."

அவளும் ஒன்றை எடுத்துக் கடித்துத் துப்பினாள். யாரும் அதட்டவில்லை. பிறகு அம்மாவோடு உட்கார்ந்து பீன்ஸ் ஒடிக்க ஆரம்பித்தாள். தான் ஒடித்தது எது என்று தட்டில் தேடித் தேடித் தின்றாள். ஒரு நாள் தின்பாள், மறுநாள் சீந்த மாட்டாள். அப்படியே நாள் ஓடி, பள்ளிக்கூடமும் திறந்தது.

முதல் நாள் சாப்பாட்டு டப்பா வீடு திரும்பியதும் அக்காதான் முந்திக்கொண்டு திறந்தாள். காயில் கொஞ்சம், சோற்றில் பாதி மிச்சம்.

"நான் அப்பவே சொன்னேன். பாதிய அப்படியே கொண்டாந்திருக்கா பாரு."

வாத்தியார் டப்பாவை எட்டிப் பார்த்தார். மகளைப் பக்கத்தில் இழுத்து, "ஏன்டா கண்ணு, பிடிக்கலையா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. வயிறு நெறஞ்சிடுச்சு, நானே நிறுத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் விளையாட ஓடினாள்.

வாத்தியார் டப்பாவை அக்கா கையிலிருந்து வாங்கினார். அதைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினார்.

"மிச்சத்த விடுக்கா. பாதிய அவளே சாப்பிட்டிருக்கா."