பொருந்தாத சிப்

பிள்ளைகளே, தாராவியில் நான் சால்டரிங் செய்த பட்டறையில் ஒரு இன்ஜினியர் இருந்தார். ஒல்லியான மனிதர். எதற்கும் பதில் சொல்லுமுன் கண்ணாடியைத் துடைப்பார். நாங்கள் செய்த கருவிக்கு, நெட் கேபிள் சிக்னலை இரண்டில் ஒரு பக்கம் திருப்பிவிடும் அதிவேகச் சிப்பை அவர்தான் தேர்ந்தெடுத்தார். முதலாளி பெட்டி நிறைய வாங்கிவிட்டார். பிறகுதான் மாட்டிப் பார்த்தோம்.

“லைட்டு மின்னுதுல்லா? டெஸ்ட் பாஸுன்னு ரிப்போர்ட்ல எழுதும்வே” என்றார் முதலாளி.

இன்ஜினியர் கண்ணாடியைத் துடைத்தார். “மின்னறது அண்ணாச்சி. ஆனா டேட்டா பாதி தொலையறது. வேகம் போதும், வோல்டேஜ் தாங்கலை. நான் எடுத்தது தப்பு.”

“அப்ப நாளையிலருந்து வர வேண்டாம்வே.”

சரியென்று தலையாட்டிவிட்டு, சாயங்காலம்வரை அதையே சோதித்தார்.

“அதான் தெரிஞ்சிட்டுல்லா சார், இன்னும் என்ன பாக்கீங்க?” என்றேன்.

துடைத்தார். “எப்படியாவது பொருந்திடாதான்னுதான்.”

பொருந்த வேண்டுமென்று அவ்வளவு ஆசை இருந்தும், ரிப்போர்ட்டில் ‘பொருந்தாது’ என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவரால் அது எப்படி முடிந்ததோ, எனக்கு இன்னும் தெரியவில்லை.