அகத்திக்குப் பதிலாகப் பேயாவரை

மகாளய பட்சம் பதினைந்து நாளும் பசுவுக்கு அகத்திக்கீரை கொடு, அது தின்றால் உன் அப்பாவே தின்ற மாதிரி என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்பா இறந்த மறு வருஷம் அது. உயிரோடு இருந்தவரை அவருக்கு ஒருநாளும் நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. செத்த பிறகு கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

எண்பதுகளின் கடைசி. மாடம்பாக்கம் போகிற வழியில் வயல்கள் மனைகளாகி, கல் நட்ட இடமெல்லாம் மஞ்சள் பூச்செடி மண்டிக் கிடந்தது. எங்கள் தெருவுக்கு ஒரே பசு. அதை வளர்த்த தெருக்கோடி அக்கா வீட்டில் நிலம் கைவிட்டுப் போயிருந்தது; அந்தப் பால்தான் அவர்களுக்குச் சோறு.

மூன்றாம் நாள் தாம்பரம் மார்க்கெட்டில் அகத்தி கிடைக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பக்கத்து மனையில் இருந்த அந்த மஞ்சள் பூச்செடிக்கும் அகத்தி போலவே ஈர்க்கின் இரண்டு பக்கமும் இலை. இதுவும் கீரை மாதிரிதானே என்று காயும் பூவுமாக அறுத்தேன். அதன் பெயர் பேயாவரை என்றுகூடத் தெரியாது.

பசு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்குச் சுருக்கென்றது. அப்பாவும் கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டை இப்படித்தான் தள்ளுவார். விடுவேனா? பொடியாக நறுக்கி, சோறும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து நீட்டினேன். தின்றது. அப்பா மன்னித்துவிட்டார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ஸ்டேஷனுக்கு ஓடினேன். எப்பேர்ப்பட்ட மடையன்! மறுநாளிலிருந்து அகத்தியைத் தேடவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் பசு எழுந்திருக்கவில்லை. மூத்திரம் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி போனது. மாட்டு டாக்டர் வந்து பார்த்தார்.

"மஞ்சப் பூ பூக்குமே பேயாவரை, அதைத் தின்னுச்சாம்மா? அது உள்ளே போனா தசையெல்லாம் செத்துடும்."

"என் மாடு அத்த மோந்துகூட பாக்காது சார்," என்றாள் அக்கா. "இங்கியே பொறந்து வளந்தது. அதுக்குத் தெரியாதா இன்னா?"

நான் பக்கத்திலேயே நின்றேன்.

டாக்டர் போனதும் அக்கா என்னிடம் கேட்டாள்: "சார், கொஞ்சம் வெல்லச் சோறு கொண்டாங்க. உங்க கையால குடுத்தா துன்னும்."

கொண்டுபோனேன். இந்த முறை தழை இல்லை. படுத்தபடியே நெடுநேரம் மோந்து பார்த்தது. பிறகு என் கையை நக்கி நக்கித் தின்றது. அமாவாசையன்று காலையில் செத்துப்போனது.

அக்கா காலனி வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போக ஆரம்பித்தாள். தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நின்று சொல்வாள்: "கடைசி வாய் உங்க கையாலதான் சார் துன்னுச்சு. அந்தப் புண்ணியம் உங்கள வுடாது."