முன்பக்க ஸ்பிரிங்கும் பச்சைப் பிள்ளையாரும்

காரின் முன்பக்கம் குலுங்கினால் பிள்ளையாருக்குத் தும்பிக்கை போய்விடும். எங்கள் வீட்டில் இது குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, அம்மா அச்சில் பீங்கான் பொம்மைகள் வார்த்தாள். சுடாத பொம்மையை விருத்தாசலத்தில் பச்சை என்போம். அழுத்திப் பிடித்தாலே உதிரும். அந்தப் பச்சையை ஊரின் மறுகோடியில் இருந்த பொதுச் சூளைக்கு எங்கள் பழைய மார்க் டூ அம்பாசடரில், பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டு, மாமாதான் கொண்டுபோவார். மாமா அம்மாவின் ஒரே தம்பி. அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை. கார் பக்கமே வரமாட்டார்.

கொலுப் பொம்மைக்கு ஆர்டர் குவிந்திருந்த ஓர் ஆவணியில் காரின் முன்பக்கம் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது.

மெக்கானிக் பாய் இரண்டு வழி சொன்னார். கம்பெனியில் வந்ததைப் போலவே முன்பக்கத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி செட்டை மெட்ராசிலிருந்து வரவழைக்கலாம். இல்லையென்றால், வெளியே செய்து விற்கும் காயில் ஸ்பிரிங் செட்டை மாட்டலாம். மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. “காயிலு போட்டா பஞ்சு மெத்தக்கா. அலுங்காம போவலாம்” என்றார். நானும் மாமா கட்சி. எனக்கு அப்போது ஒன்பது வயது. மெத்தை என்றால் மெத்தைதான்.

அம்மா வாதாடவில்லை. பட்டறையில் இரண்டு விதமாகவும் வேலை முடிந்த இரண்டு அம்பாசடர்கள் நின்றன. இரண்டிலும் ஒவ்வொரு பலகைப் பச்சையை ஏற்றி ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டு வரச் சொன்னாள். பாயே ஓட்டினார். பலகையைப் பிடித்துக்கொள்ள நான் பின்னால் உட்கார்ந்தேன். காயில் வண்டி தண்டவாளத்தின் மேல் தொட்டில் மாதிரி ஆடிக் கடந்தது. ஒரு பிள்ளையாருக்கும் சேதமில்லை. கம்பெனி செட் போட்ட வண்டியோ ‘தடக்’கென்று ஏறி இறங்கியதில் இரண்டு தும்பிக்கைகள் என் மடியில் விழுந்தன. மாமா அவற்றை வாங்கி, ஜெயித்த கோப்பையைப் போல அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா அவற்றைப் பார்க்கவில்லை. காயில் வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். பிறகு அடுத்த வண்டியிலும் திருப்பிப் பார்த்தாள். அது லேசாகத் திரும்பியது.

“அக்கா, ஸ்பிரிங்கு கீழல்ல இருக்குது” என்று பாய் சிரித்தார்.

அம்மா இறங்கிப் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “கம்பெனி செட்டே போடுங்க பாய். பொம்மைக்கு அடியில வைக்கோலு போட்டுக்கலாம். கைக்கு எதப் போடறது?”

“என் கைக்கு என்னக்கா கொறச்சல்?” என்றார் மாமா. முகம் சிவந்துவிட்டது. கண்ணெதிரே தோற்றுவிட்டு அம்மா முரண்டு பிடிக்கிறாள் என்று எனக்கு அவமானமாக இருந்தது.

செட் வந்தது, மாட்டினார்கள். பலகையின் அடியில் வைக்கோல் ஏறியது. அதோடு இன்னொன்றும் நடந்தது. விடிந்ததும் காலி மைதானத்தில் அம்மா வண்டி ஓட்டிப் பழகினாள். பக்கத்தில் மாமா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, “மெதுவாக்கா, மெதுவா” என்று கத்துவார். கார்த்திகைக்குள் அவளே பச்சையைச் சூளைக்குக் கொண்டுபோனாள். தை பிறந்ததும் மாமா மஸ்கட்டுக்குக் கிளம்பினார்.

அங்கே வேலை இருப்பதாக மாமாவின் நண்பர் வெகுநாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். அக்காவுக்கு வண்டி ஓட்ட ஆளில்லை என்று மாமாதான் தட்டிக்கழித்திருக்கிறார். இது அம்மாவுக்கு ஆவணிக்கு முன்பே தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது.

ஸ்டேஷனுக்கு அம்மாதான் காரை ஓட்டிவந்தாள். மாமா ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். மாமா சொன்னதைக் கேட்காமல் அம்மா வண்டியைப் பிடுங்கிக்கொண்டாள், அந்தக் கோபத்தில்தான் மாமா ஊரைவிட்டே போகிறார் என்று எனக்குத் தோன்றியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “போவாதீங்க மாமா. காயில் ஸ்பிரிங்கே போடச் சொல்றேன்.”

இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். மாமா சிரித்தபடியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாமாவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, அம்மாவை வெற்றியோடு நிமிர்ந்து பார்த்தேன்.