நாலு விரல் முனிவேல்

கம்பெனியில் நான் தரை துடைக்கும் குச்சி ஒரு நாள் காலையில் ஒரு சாண் வளர்ந்திருந்தது. முந்தின நாள் வரை அதைப் பிடித்துக் குனிந்து குனிந்து துடைத்துவிட்டு, சாயங்காலம் இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டுதான் மத்திகிரி பஸ்ஸில் ஏறுவேன். அன்று நிமிர்ந்து நின்றே துடைத்தேன். பார்த்தால், குச்சியின் முனையில் வெள்ளை பிளாஸ்டிக் பைப்புத் துண்டு ஒன்றைச் செருகிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. இடுப்பு வலிக்காக எங்கள் தெரு மாரியம்மனிடம் வேண்டியிருந்தேன். அம்மன் வேலைதான் என்று வெள்ளிக்கிழமை ஒரு தேங்காய் உடைத்துவிட்டேன்.

அம்மன் யாரை அனுப்பினாள் என்று தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. முனிவேலின் பையில் அதே பைப்பின் மிச்சத் துண்டு கிடந்தது. நீங்கள்தானா என்று கேட்டேன். பிரிண்டருக்குள் தலையை விட்டிருந்தவர் வெளியே எடுக்காமலே, "நீ கூன் போட்டு தொடைக்கறத பாத்தா எனக்கு கழுத்து வலிக்குதுக்கா" என்றார்.

முனிவேல் எங்கள் கம்பெனி ஆள் இல்லை. வண்டிப் பாகங்கள் செய்கிற ஏழெட்டு கம்பெனிகளில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் கெட்டுப்போனால் வந்து பார்க்கிறவர். ஊர் பாகலூர், இப்போது குடியிருப்பது மத்திகிரியில் எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி. நாற்பத்தைந்து வயதிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் எங்களிடம் வருவார். மனிதர்களோடு தமிழில் பேசுவார். பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டு விடாவிட்டால் "ரா நாயனா, ரா" என்று தெலுங்கில் கொஞ்சுவார். அதற்கும் மசியவில்லை என்றால் கன்னடத்தில் திட்டு விழும். பெரும்பாலும் கன்னடத்துக்குத்தான் அது பயப்படும்.

ரிப்பேருக்கு வந்தவர் ரிப்பேரைப் பார்த்துவிட்டுப் போகலாம். அவரால் முடியாது. யாராவது ஆமை மாதிரி கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அங்கே போய் நின்றுவிடுவார். அவர்கள் புருவத்துக்கு நேராகக் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "நாலு விரல் தூக்கணும்" என்பார். ஐந்து விரல் என்றோ மூன்று விரல் என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் தூக்கி வைத்தபின் அளந்தால் ஒருவருக்கு இரண்டு விரல் இருக்கும், இன்னொருவருக்கு ஆறு விரல் இருக்கும். வாய்க்கு மட்டும் நாலு. கம்பெனியில் அவருக்கு அதுவே பேராகிவிட்டது.

திரைக்கு அடியில் வைக்க மரக்கட்டைகளைப் பையிலேயே கொண்டு வருவார். கட்டை தீர்ந்தால் வெள்ளைத்தாள் கட்டு, அதுவும் இல்லையென்றால் பழைய டெலிபோன் புத்தகம். நேராகப் பார்த்தால் கண்ணுக்குத் திரையின் மேல் ஓரம் தட்டுப்பட வேண்டும், கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொட வேண்டும், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். இந்த மூன்றையும் அவர் சொல்லிச் சொல்லி, ஐந்தாவது வரை படித்த எனக்கே மனப்பாடம்.

மேஜைக்கு மேலே இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். கீழே இருப்பதைப் பார்ப்பவள் துடைக்கிற நான் ஒருத்திதான். லேபிள் அடிக்கிற சுவேதா குள்ளமான பெண். அவள் கால் தரைக்கு எட்டாமல் தொங்கும். தொங்குகிற காலிலிருந்து செருப்பு நழுவி எங்கேயாவது போய்விடும், சாப்பாட்டு மணி அடித்தால் நானும் அவளும் மேஜைக்கடியில் தேடிக்கொண்டிருப்போம். இதைப் பார்த்த முனிவேல், சரக்கு அடுக்குகிற பழைய பலகையை அறுத்துச் சாய்வாக ஒரு கால்மனை செய்துகொண்டு வந்தார். அதற்குப் பிறகு சுவேதாவின் செருப்பு ஒரு நாளும் தொலையவில்லை.

கம்பெனியோடு இது நின்றால் பரவாயில்லை. சாதிச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றவர், உள்ளே இருந்த பெண் கழுத்தை ஒடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் தடுப்புப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே போய்விட்டாராம். திரையைத் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தால், வரிசையில் இருந்த நாலு பேர் அவரிடம் மனுவை நீட்டியிருக்கிறார்கள். வாங்கிச் சரிபார்த்து, இருவரைக் கையெழுத்து விட்டுப்போயிற்று என்று திருப்பியும் அனுப்பிவிட்டார். வெளியே வந்தபோது இவருடைய வரிசை போய்விட்டது. குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தையில் ரசீது கொடுக்கிறவர் முழங்காலில் மெஷினை வைத்துக்கொண்டிருந்ததற்காக, தீவனக் கட்டு ஒன்றை இழுத்துப் போட்டு மேஜையாக்கிக் கொடுத்தார். அந்த மேஜையை ஒரு மாடு தின்றுவிட்டது.

வீட்டில் நிலைமை வேறு. ஒரு தரம் பிரசாதம் கொடுக்கப் போனேன். அவர் தன்னுடைய கம்ப்யூட்டரைத் தரையில் வைத்து, கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் குந்தி, முதுகு வில்லாக வளைய வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் சரசம்மா என்னிடம், "ஊர்ல இருக்கற கழுத்தெல்லாம் இவர்தான் நிமித்தறாரு. எங்க மிக்சி ஒரு மாசமா கீழ கெடக்குது, அத மேல தூக்கி வெக்க ஆள் இல்ல" என்றார். முனிவேல் திரும்பாமலே, மிக்சிக்குக் கழுத்து இல்லை என்று பதில் சொன்னார்.

இனி ஆயுத பூஜை விஷயத்தை எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூஜையைப் போலத் திருநாள் வேறில்லை. மெஷின்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்போம். போன பூஜைக்கு மேனேஜர் ஹரீஷ்குமார் சார் கற்பூரத் தட்டோடு நின்று, "காவேரிம்மா, ஒரு மெஷினையும் விட்டுடாதீங்க, எல்லாத்துக்கும் பொட்டு வைங்க" என்று சொன்னார். பெரிய பிரஸ் முதல் காப்பி மெஷின் வரை வைத்தேன். லேபிள் பிரிண்டரிடம் வந்தபோது எனக்கு ஒரு யோசனை. மூடி வெறும் மூடிதானே. சாமிக்குப் பொட்டு நெற்றியில் வைக்கிறோம், சாமி இருக்கிற பெட்டிக்கா வைக்கிறோம்? மூடியைத் திறந்தேன். உள்ளே வேலை செய்கிற கறுப்பு உருளைக்குக் குழைத்த சந்தனம் மூன்று இடத்தில், அதன் மேல் குங்குமம். கும்பிட்டு மூடினேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

இரண்டு நாள் லீவு முடிந்து கம்பெனி திறந்தது. சந்தனம் கல்லாகிவிட்டது. சுவேதா அடித்த லேபிள் ஒவ்வொன்றிலும் மூன்று வெள்ளை வட்டம். லேபிளின் கோடுகளைப் படிக்கிற ஸ்கேனர் துப்பாக்கியை அவள் எத்தனை தரம் காட்டியும் அது சத்தம் போடவில்லை. லேபிள் இல்லாமல் பெட்டி ஏறாது. பெட்டி ஏறாமல் லாரி வாசலில் நிற்கிறது. அந்தச் சரக்கு வரவில்லை என்றால் வாங்குகிற கம்பெனியில் வேலை நிற்கும். ஹரீஷ்குமார் சார் முகம் குங்குமத்தை விடச் சிவந்திருந்தது. யார் செய்தது என்று தெரிந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று எல்லோர் முன்னும் சொன்னார். அந்த வேலை போனால் மத்திகிரியில் வாடகை வீடு இல்லை, எனக்கு வேறு போக்கும் இல்லை.

முனிவேல் வந்தார். மூடியைத் திறந்தார். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் மோதிர விரல் நுனியில் இரண்டு நாளாகியும் போகாத சிவப்பு இருந்தது. அவர் தன் முதுகால் பிரிண்டரை மறைத்துக்கொண்டு, பையில் இருந்த பழைய வேட்டித் துணியை நனைத்து ஏதோ துடைத்தார். தெலுங்கும் இல்லை, கன்னடமும் இல்லை, பேச்சே இல்லை. முக்கால் மணி நேரத்தில் லேபிள் கறுப்பாக வந்தது, துப்பாக்கி சத்தம் போட்டது. என்ன கோளாறு என்று சார் கேட்டார்.

"உருளை தேஞ்சி போச்சு சார். போன மாசமே நான் பாத்து மாத்தியிருக்கணும். என் மேல தப்பு."

அந்த வார்த்தையை அப்படியே எழுதி பெங்களூரில் இருக்கிற எங்கள் தலைமை ஆபீசுக்கு அனுப்பினார்கள். பராமரிப்பில் அலட்சியம் என்று முனிவேலை நிறுத்திவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆட்களைப் போடச் சொல்லி அங்கிருந்து பதில் வந்தது.

மூன்று நாள் விளக்கேற்றினால் அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாலாம் நாள் சாரின் அறைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் முதலில் எழுந்து கதவைச் சாத்தினார். ஒரு மெஷினையும் விடாதே என்று சொன்னது தான்தான் என்பது அவருக்கு அப்போது நினைவு வந்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். என் வேலைக்கு ஒன்றும் வராது, இதை வெளியில் சொல்ல வேண்டாம், பெங்களூரில் கையெழுத்தாகிவிட்டது என்றார். முனிவேலிடம் போய் நான் சொல்லிவிட்ட சங்கதியைச் சொன்னேன். அவர் ஒரு ஸ்குரூவைத் தேடிக்கொண்டே, "என்னாத்துக்கு போய் சொன்ன" என்று கேட்டார்.

மாதக் கடைசியில் நுழைவுச் சீட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஹரீஷ்குமார் சார் திரையை அண்ணாந்து பார்த்தபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தார். திரை அவருக்கு ஆறு விரல் அதிக உயரத்தில் இருந்தது. முனிவேல் சீட்டை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினார். வாசல் வரை போனார். அவரால் முடியவில்லை. திரும்பி வந்து கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, "நாலு விரல் எறக்கணும் சார்" என்று சொல்லி அடியில் இருந்த தாள் கட்டை உருவினார். சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இன்றைக்கும் அந்தத் திரை அதே உயரத்தில்தான் இருக்கிறது, நான்தான் தினமும் துடைக்கிறேன்.

துடைக்கிற குச்சியோடு வாசல் வரை முனிவேலின் பின்னாலேயே ஓடினேன். அவர் குச்சியை வாங்கிப் பார்த்தார். பைப்புச் செருகிய இடத்தில் டேப் தளர்ந்திருந்தது. பையிலிருந்து டேப்பை எடுத்து இறுக்கிச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்து, கட்டை விரலால் அழுத்தி ஒட்டி என்னிடம் கொடுத்தார்.

"அடுத்த பூஜைக்கு பொட்ட மூடி மேல வெய்க்கா, உள்ள வெக்காத. வர்றவன் புதுசு. அவனுக்கு உன்ன தெரியாது."