மங்கையர்க்கரசி செதுக்கிய கிலுகிலுப்பை

ஏப்ரல் மாதம். சிதம்பரத்தில் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது கட்டைப் பிரித்தபோது முகாம் அலுவலர் என் மேசைக்கு வந்து குனிந்து, "கடலூர்லேருந்து போன் வந்துச்சி மேடம். மங்கையர்க்கரசி டீச்சர் காலைல தவறிட்டாங்களாம்" என்றார். பிரித்த கட்டை முடிக்காமல் எழுந்து போக முடியாது. அவர் தயங்கிவிட்டு, முடித்ததும் நான் கிளம்பலாம் என்று சொல்லிப் போனார். மீதியிருந்த தாள்களை வரிக்கு வரி படித்துத் திருத்தினேன். யாரோ ஒரு மாணவியின் மதிப்பெண் என் கையில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடலூர்ப் பேருந்துகள் ஒலியெழுப்பிக்கொண்டு போனது கேட்டது. ஓர் அறைக்குள் இருந்துகொண்டு வெளியே போகும் சத்தங்களை மட்டும் கேட்பது எப்படி இருக்கும் என்பதை நான் முதலில் அறிந்தது மங்கையிடம்தான்.

எங்கள் பள்ளியில் அவரிடம் விலங்கியல் படித்தவர்களும், அவரோடு ஆசிரியர் அறையில் உட்கார்ந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அவர் 2004ஆம் ஆண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். பிறந்தது சிதம்பரம், வாழ்க்கைப்பட்டது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். ஆய்வுக்கூடத்தில் கரப்பான் பூச்சியை அறுக்க நடுங்கும் பிள்ளைகளிடம், "பயத்தை வயித்துல வச்சிக்க. கைக்கு வர விடாத" என்பார். அவர் கை அப்படித்தான் இருக்கும். ஸ்கால்பெல் கத்தியைப் பிடித்தால் நூல் அளவுக்குக்கூடத் தவறாது. அந்தக் கையைப் பற்றி உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மங்கைக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் போய்விட்டது. இரண்டாம் முறை ஏழாம் மாதத்தில். 2008இல் மூன்றாவதாக உண்டானபோது, கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கிறது என்று தையல் போட்டு, பிரசவம் வரை படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். அப்படிப் படுத்தால் எதிரே தெரிவது ஒரு சுவரும், பாதி ஜன்னலும், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான். முன்பெல்லாம் ரயில் சத்தத்தை வைத்து மணி சொல்வாராம். அந்த வருடங்களில் அகலப் பாதை போடுவதற்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். ரயிலும் இல்லை. மின்வெட்டு நேரத்தில் மின்விசிறிச் சத்தமும் நின்றுவிடும்.

அவர் கணவர் குணசேகரன் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். பகலெல்லாம் மாமியார் தனபாக்கியம் அம்மாள்தான் துணை. மருமகளை ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார். ஆனால் கதவைத் திறந்து வைக்க மாட்டார். காற்று ஆகாது, கண்ணேறு ஆகாது, வந்து பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்கள் ஆகாது. நான் வாரம் ஒருமுறை பள்ளிச் செய்திகளோடு போவேன். டீச்சர் என்பதால் என்னை மட்டும் விட்டார். ஒரு நாள் மங்கை சொன்னார்: "எல்லாரும் என்னைப் பத்திரமா வச்சிருக்காங்கக்கா. பீரோவுல வச்ச பட்டுப்புடவை மாதிரி. மூச்சு முட்டுது."

அடுத்த வாரம் அவர் ஒரு விநோதமான உதவி கேட்டார். பள்ளி வளாகத்தில் மின்கம்பியில் உரசுகிறது என்று வேப்பமரக் கிளைகளை வெட்டியிருந்தார்கள். அதில் கைப்பிடி அளவுக்கு ஒரு பச்சைக் கட்டை வேண்டும், ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கும் அவருடைய சொந்த டிஸெக்‌ஷன் பெட்டியும் வேண்டும். எதற்கு என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "கிலுகிலுப்பை செய்யப் போறேன். அத்தைக்குத் தெரிய வாணாம்" என்றார்.

ஏன் தெரியக் கூடாது என்று எனக்குப் புரிந்தது. பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று ஒரு துணிகூட வாங்கி வைக்காத வீடுகள் நம் பக்கம் நிறைய. அந்த வீட்டில் அது வெறும் வழக்கம் மட்டுமல்ல, பட்ட காயமும்கூட.

கட்டையைச் சதுரமாகச் செதுக்கி, மேல் பாதியில் நான்கு பக்கமும் உள்நோக்கிக் குடைந்துகொண்டே போக வேண்டும். மூலைக்கு ஒன்றாக நான்கு தூண்கள் நிற்கும். நடுவில் மிஞ்சும் மரத்தை உருட்டி உருட்டிச் செதுக்கினால் பந்தாகும். கடைசியில் பந்தைத் தூண்களிலிருந்து விடுவித்துவிட்டால் அது கூண்டுக்குள்ளேயே உருளும், வெளியே வராது. ஒட்டு இல்லை, ஆணி இல்லை, சாயம் இல்லை. பிள்ளை வாயில் வைத்தாலும் வேம்புதானே. கீழ்ப்பாதி கைப்பிடி. இதையெல்லாம் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. படுத்தபடியே மனசுக்குள் செய்து பார்த்திருக்கிறார். தலையணைமேல் பரீட்சை அட்டையை வைத்து, அதன்மேல் ஈரத்துணி விரித்து, ஒருக்களித்தபடியே ஸ்கால்பெல்லால் சுரண்டுவார். மரம் காய்ந்தால் வெடித்துவிடும் என்று வேலை முடிந்ததும் ஈரத்துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைப்பார். நுனி விரல்கள் கன்றிப்போயின. தூளையும் சீவலையும் காகிதத்தில் மடித்து என் கைப்பையில் போட்டு அனுப்புவார். அந்த நாட்களில் என் கைப்பையில் எப்போதும் வேப்பங்கசப்பு மணக்கும். பேருந்தில் டிக்கெட் எடுக்கக் கை விட்டால் விரலில் மரத்தூள் ஒட்டும்.

ஒரு சனிக்கிழமை மதியம் நான் போயிருந்தபோது மின்சாரம் போயிற்று. தனபாக்கியம் அம்மாள் பனையோலை விசிறியோடு அறைக்குள் வந்தார். மருமகளின் தலையைத் தூக்கித் தலையணையைச் சரிசெய்யப் போனவர் கையில் ஈரத்துணி தட்டுப்பட்டது. பிரித்தார். நான்கு தூண்களும் நடுவில் பாதி உருண்டையும் இருந்தன. அது என்ன என்பதைக் கேட்காமலேயே தெரிந்துகொண்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இத எடுத்துட்டுப் போயிடுங்க டீச்சர்" என்றார்.

மங்கை அழவில்லை. அழக்கூடப் பயம். வயிறு குலுங்கும் என்று பயம். மெதுவாகச் சொன்னார்: "அத்தை, இந்தச் செவுத்தயே பாத்துகிட்டு இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும். ஒரு வேலை இருந்தாதான் அடுத்த நாளுன்னு ஒண்ணு வருது."

"போன தடவ உங்கம்மா கொண்டாந்த தொட்டில் துணி, கொலுசு, சட்டை எல்லாத்தையும் மூட்ட கட்டித் திருப்பி அனுப்புனது யாரு?" என்றார் மாமியார். "நீ ஆஸ்பத்திரியில இருந்த. நான்தான் கட்டுனேன். இன்னொரு வாட்டி என்னால முடியாது மங்கை."

இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. அந்த அறைக்குள் அடைபட்டிருப்பது ஒருவர் அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டையை என் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை கூட வந்த தனபாக்கியம் அம்மாள் கதவைத் திறக்காமல் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றார். பிறகு கையை நீட்டினார். கட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போய் மருமகளிடமே கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"செஞ்சிக்க. ஆனா முடிக்காத. முடியாம இருந்தா அது செஞ்சதா ஆவாது."

அப்படித்தான் செய்தார் மங்கை. பந்தை முழுதாக உருட்டினார். உப்புத்தாளை விரல் நுனியில் சுற்றித் தூண்களுக்கு இடையே விட்டுத் தேய்த்தார். எல்லாப் பக்கமும் விடுவித்து, அடியில் மட்டும் ஈர்க்குச்சி கனத்துக்கு ஒரு மரநரம்பை விட்டு வைத்தார். ஆட்டினால் சத்தம் வராது. பந்து அசையாமல் கூண்டுக்குள் நிற்கும். பிறகு அதன்மேல் தேங்காயெண்ணெய் தடவுவதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. அந்தக் கடைசி வாரங்கள்தான் மிகவும் கொடுமையாக இருந்தன என்று பின்னால் சொன்னார். ஒரு நெளிப்பில் விடுபடும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விடாமல் இருக்க வேண்டும். சில நேரம் கத்தியை எடுத்து மரநரம்பில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவாராம்.

எட்டாம் மாதம் தொடங்கியதும் வலி கண்டது. குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் வசதி இருக்கிறது என்று சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனார்கள். வழியில் ஆலப்பாக்கம் தாண்டும் வரை தனபாக்கியம் அம்மாள் மருமகளின் காலைத் தன் மடியில் உயர்த்திப் பிடித்திருந்தாராம். பெண் குழந்தை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதில் அடங்கிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். மாதக்கணக்கில் படுத்தே கிடந்ததால் கால்கள் மெலிந்து, நிற்கும்போது நடுங்கின. பால் கொடுக்கக் கூப்பிடும்போது மட்டும் உள்ளே போகலாம். "நான் வெளிய வந்துட்டேன், அவ உள்ள போயிட்டா" என்றார். தாழ்வாரத்தில் மாமியார் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இரவும் பகலும் அங்கேயேதான். அங்கிருந்து அவரை எழுப்ப யாராலும் முடியவில்லை. நர்சம்மா வெளியே வரும்போதெல்லாம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பார். கேள்வி எதுவும் கேட்க மாட்டார்.

குழந்தை ஒருமுறை நீலம் பாரித்து மீண்டது. ஒருமுறை மஞ்சள் காமாலை வந்தது. எடை ஏறும், இறங்கும். பள்ளியில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்டுக்கொள்வோம். கடைசியில் ஒரு நாள், வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். அன்றும் நான் அங்கே இருந்தேன். துணியில் சுற்றிய குழந்தையைக் குணசேகரன் ஏந்தத் தெரியாமல் ஏந்தி வாங்கிக்கொண்டார். ஆட்டோ வரக் காத்திருந்தோம். அப்போது தனபாக்கியம் அம்மாள் தன் சுருக்குப் பையைத் திறந்து, வெற்றிலைக்கும் சில்லறைக்கும் இடையிலிருந்து அதை எடுத்தார். சிதம்பரத்துக்குக் கிளம்பிய அன்றே எடுத்து வைத்திருக்கிறார். தாழ்வாரத்தில் கிடந்த அத்தனை நாளும் அது அவர் இடுப்பில்தான் இருந்திருக்கிறது. மருமகளுக்குத் தெரியாது. மகனுக்குத் தெரியாது.

"இப்ப முடி" என்றார்.

ஸ்கால்பெல் கடலூரில் இருந்தது. எதிர்க் கடையில் ஒரு பிளேடு வாங்கிவந்து கொடுத்தேன். மங்கை சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, கூண்டுக்குள் பிளேடை நுழைத்து, மரநரம்பை அறுத்தார். அன்றுதான் அவர் கை நடுங்கி நான் பார்த்தேன். பந்து டொக்கென்று விழுந்தது. ஆட்டிப் பார்த்தார். மரத்தில் மரம் தட்டும் சின்னச் சத்தம். குழந்தை விழித்துக்கொள்ளவில்லை. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழந்தைக்கு யாழினி என்று பெயர் வைத்தார்கள். அவள் அதைக் கடித்து, எச்சில் படுத்தி, ஒன்றரை வயதில் தூக்கியடித்து ஒரு தூணை உடைத்தாள். மங்கை அதற்கு வருத்தப்படவில்லை. "ஒடைக்கறதுக்கு ஆளு வந்துச்சே" என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்தார்.

சிரித்த வருடங்கள் அதிகம் இல்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மார்பில் கட்டி என்று தெரிந்தது. பரவிவிட்டிருந்தது. தை பிறப்பதற்குள் அவர் மறுபடியும் அதே அறையில், அதே கட்டிலில். மருந்து விரல்களை மரத்துப்போகச் செய்துவிட்டது. டம்ளரைப் பிடிக்க முடியாது, புத்தகத்தைப் புரட்ட முடியாது. மூன்று வயதுக் குழந்தையை எந்நேரமும் பக்கத்தில் விட முடியாது. இந்த முறை ஒன்பது மாதம் என்ற கணக்கும் இல்லை. எது முடிந்தால் இந்த அறையிலிருந்து வெளியே போவோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் போனதும் எப்படி இருக்கீங்க என்று கேட்பதை அவர் தடுத்துவிட்டார். "எப்படி இருக்கேன்னு எனக்கே போரடிச்சிப்போச்சிக்கா. நீங்க வர்ற வழியில என்னா பாத்தீங்க, அதச் சொல்லுங்க" என்றார். முதல் நாள் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அத்தனை வருடமாகப் போய்வரும் வழியில் நான் எதையுமே பார்த்திருக்கவில்லை. பிறகு பார்க்கத் தொடங்கினேன். பள்ளி வாசலில் நெல்லிக்காய் விற்கும் அம்மாவுக்குப் புதுக்குடை. புயலில் சாய்ந்த விளம்பரப் பலகையின்மேல் யாரோ காயவைத்த துணி. பேருந்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடியே தூங்கிய ஒரு பெண். சின்னச் சின்னதாகச் சேர்த்துக்கொண்டு போவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஏதாவது விட்டுவிட்டால், "ரயில்வே கேட் தாண்டிட்டீங்களா? அதுக்குள்ளயா?" என்பார். அவரைக் கட்டிலிலிருந்து இறக்கிப் பள்ளிவரை நடத்திக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டிவருவது போல இருக்கும். முகாமுக்குக் கிளம்பும் முன் கடைசியாகப் பார்த்தபோதும் அப்படித்தான் போய்வந்தோம்.

மங்கையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். தெருவைப் பார்க்கும் கண். அவர் போன பிறகும் அது நிற்கவில்லை. பார்த்ததைச் சொல்லத்தான் ஆளில்லை.

காரியம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். யாழினி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். தனபாக்கியம் அம்மாள் வெறும் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்தேன். எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "வழியில என்னா பாத்தீங்க டீச்சர்?"

அந்த மாதங்களில் அடுப்படியில் இருந்துகொண்டு அவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சொன்னேன். லாரன்ஸ் ரோட்டு ரயில்வே கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் டி.வி.எஸ். ஃபிப்டியில் பின்பக்கமாக ஒரு பெரிய நிலைக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு நின்றார். காத்திருந்த எல்லாருடைய முகமும் அதில் தெரிந்தது. ஒரு பெண் அதைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். கேட் திறந்ததும் எங்கள் எல்லாரையும் தூக்கிக்கொண்டு அந்த வண்டி போய்விட்டது.

தனபாக்கியம் அம்மாள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.