தூசி அக்கா

எந்த வான வரைபடம் மேசைக்கு வந்தாலும் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள்வார். நேராகப் பார்த்தால் "கண்ணு ஆசைப்பட்டதத்தான் பாக்கும்" என்பது அவர் கட்சி. வயது ஐம்பத்திரண்டு. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் செப்புக் கம்பி சுற்றியிருக்கும். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் தூசி அக்கா. அவரைவிட மூத்தவரான தலைவருக்கும் அக்காதான்.

அவருடைய வேலை கழிப்பது. பிரபஞ்சம் பிறந்த கணத்தில் ஈர்ப்பலைகள் எழுந்திருந்தால், மிகப் பழைய ஒளியில் அவை ஒரு மெல்லிய சுழிப்பை விட்டுப்போயிருக்கும். அது அகப்பட்டால் அந்தக் கணத்தையே எட்டிப் பார்த்த மாதிரி. ஆனால் நம் பால்வீதியில் மிதக்கும் தூசியும் அச்சு அசலாக அதே சுழிப்பைப் போடும். அந்தத் தூசியைப் பிரித்துக் கழித்துத் தருவதில்தான் அக்காவுக்குப் பாதி ஆயுள் போனது.

மூன்று வருடம் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டிருந்த பிறகு, ஒரு நாள் சுழிப்பு அகப்பட்டது. ஆய்வகத்துக்குத் தலைகால் புரியவில்லை. தலைவர் வெள்ளிக்கிழமைக்குப் பத்திரிகைக்காரர்களை அழைத்தேவிட்டார். அக்கா இரண்டு நாள் கணக்கைப் புரட்டிவிட்டு அவர் அறைக்குப் போனார். ஒரே அலைநீளத்தில் பார்த்ததை வைத்து இது தூசி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, இன்னொன்றிலும் பார்த்துவிடலாம் என்றார். அதற்கு ஒரு வருடமாவது ஆகும், அதற்குள் வேறு குழு முந்திக்கொள்ளும் என்றார் தலைவர்.

"முந்திக்கட்டும் சார். கட்டுரையில நான் கையெழுத்துப் போடல."

வீட்டிலும் அதே பேச்சு. எல்லோரும் போடும்போது இவள் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார், பேருந்து ஓட்டும் கணவர். "பிரேக் சந்தேகமா இருக்குற வண்டிய நீங்க எடுப்பீங்களா?" என்றார் அக்கா.

அக்காவின் பெயர் இல்லாமலே கட்டுரை வெளிவந்தது, உலகமே கொண்டாடியது. அவருடைய மேசையை அச்சு இயந்திரத்தின் பக்கம் தள்ளிப்போட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஆளில்லை. "மெஷின் சூடு இதமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார். அடுத்த பதினான்கு மாதங்களில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. எடுத்தால் ஓடிவிட்டதாக நினைப்பார்களாம்.

பிறகு வேறொரு குழு மற்ற அலைநீளத்தில் எடுத்த அளவுகள் வந்தன. சுழிப்பில் பெரும்பகுதி தூசி.

மறுநாள் காலை தலைவரே ஒரு தாளோடு அக்காவின் மேசைக்கு வந்தார். பழைய அறிவிப்பை வாபஸ் வாங்கும் அறிக்கை. ஆதி ஈர்ப்பலைகள் இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

"நீங்க சொன்னதே நடந்துருச்சுக்கா. இப்ப திருப்திதானே?"

அக்கா நிதானமாக, வரி வரியாகப் படித்தார்.

"இல்லன்னு நான் எப்ப சார் சொன்னேன்? தூசிக்குப் பின்னால இருக்கலாம். தெரியல. தேடிட்டுத்தான இருக்கேன்."

'தெரியவில்லை' என்று எழுதினால் ஊர் சிரிக்குமே என்று இழுத்தார் தலைவர். அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. பேனாவைத் திறந்து, 'இல்லை' என்ற சொல்லைத் தாள் கிழியும்வரை அழுத்தி அடித்தார்.