ஹரிஸ் தீவில் பத்துப் பேருக்குக் கூழ்

செவ்வாய்க்கிழமை காலை ஜெயமலர் சலவையறைத் தரையில் முழங்காலில் நின்று மணல் துடைத்துக்கொண்டிருந்தாள். பீல் நகரத்து அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் நிலக்கீழில் ஒரே சலவையறை. அவளுடைய முறை செவ்வாய், ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு வரை. பன்னிரண்டானதும் மூன்றாம் மாடிக் கிழவி கூடையோடு வந்து நிற்பாள். தரையில் ஒரு பருக்கை கிடந்தாலும் படமெடுத்து நிர்வாகத்துக்கு அனுப்புகிற கை அது.

மணல் கணவர் பாலசிங்கத்தின் களிசானிலிருந்து வந்தது. கால் மடிப்பை விரித்ததும் கொட்டுண்டது. சட்டைப் பையில் மணல், காலுறைக்குள் மணல், தொப்பியின் ஓரத்தில் மணல். ஸ்கொட்லாந்தின் ஹரிஸ் தீவு மணல், அரித்த மாப்போல வெள்ளையாக. அவருடைய குவியலை மெஷினுக்குள் தள்ளிவிட்டுத் தன்னுடையதை எடுத்தாள். இரண்டு சட்டை, ஒரு களிசான், ஒரு ஸ்வெட்டர். உதறினாள். ஒன்றும் விழவில்லை. யாரையோ அடிப்பதுபோல இன்னொரு தரம் உதறினாள். நண்டு மணமும் புளி மணமும்தான் எழும்பின. ஸ்வெட்டரின் கையில் மஞ்சள் கறை.

"கடற்கரை பாக்கப் போனவளாம்," என்று சத்தமாகவே சொன்னாள்.

ஜெயமலருக்கு ஐம்பத்து நாலு வயது. தொண்ணூற்றேழில் அகதியாக வந்தவள். முதல் எட்டு வருடம் கையிலிருந்த விசா எல்லை தாண்ட விடவில்லை. அதற்குப் பிறகு அவள் தாண்டாத எல்லை இல்லை, ஆனால் எல்லாம் மண்டபங்களுக்குத்தான். பரிஸில் கல்யாண மண்டபம், லண்டனில் பூப்புச் சடங்கான சாமத்தியவீட்டு மண்டபம், ஒஸ்லோவில் பாலசிங்கத்தின் பெரியப்பா மகனுடைய அறுபதாவது பிறந்தநாள் மண்டபம். ஐஃபல் கோபுரத்தை அவள் நெடுஞ்சாலையிலிருந்து பார்த்திருக்கிறாள், மடியில் பயற்றம் பணியாரப் பெட்டியோடு. ஹோட்டலில் ஒரு இரவு படுத்ததில்லை. போகிற ஊரிலெல்லாம் யாராவது ஒரு சொந்தக்காரரின் வரவேற்பறையில் காற்றடிக்கிற மெத்தை இருந்தது. காலையில் எழும்பினால் அந்த வீட்டுக் குசினியில் அவளுக்கென்று உரிக்க வெங்காயமும் இருந்தது.

பத்தொன்பது வருடமாக ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. குறட்டால் முள்ளெடுத்துக் கடிகார முகத்தில் பொருத்துவது. மயிரிழை சரிந்தாலும் ஒரு முள் மற்றதை உரசும். அவள் கையில் உரசியதில்லை. அங்கே சாப்பாட்டறையில் தொங்கிய நாட்காட்டியில்தான் அந்தப் படத்தை முதலில் கண்டாள். ஓகஸ்ட் மாதத்து ஒற்றைத் தாள். வெள்ளை மணல், அதில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், பின்னால் மொட்டை மலை, ஒரு மனிதர் இல்லை. கீழே லஸ்கன்டையர், ஹரிஸ் தீவு என்று எழுதியிருந்தது. வருடம் முடிந்து நாட்காட்டியைக் குப்பையில் போடப்போனபோது அந்த ஒற்றையை வெட்டி எடுத்துத் தன் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினாள். நாலு வருடமாக, வேலை தொடங்கும்போதும் முடியும்போதும், சப்பாத்து மாற்றுகிற நேரத்துக்கு அது அவளுடையதாக இருந்தது. அந்தப் படத்தில் அவளுக்குப் பிடித்ததே அதில் ஆளில்லை என்பதுதான்.

வீட்டில் சொன்னபோது பாலசிங்கம் சிரித்தார்.

"கடல் பாக்க ஸ்கொட்லாந்துக்கோ? காங்கேசன்துறையில பிறந்தவளுக்குக் கடல் விடாயோ?"

"அது நான் பிறந்த இடம். இது நான் பாக்க விரும்பிற இடம்."

மகள் சாருஜா அதைக் காதில் விழுத்திக்கொண்டாள். பேர்ணில் இயன்மருத்துவராக இருக்கிறாள், இங்கேயே பிறந்தவள், சொன்னால் செய்கிறவள். இரண்டு பேருக்கு ஒரு சின்ன வீடு, ஐந்து இரவு, எல்லாம் பதிந்து, தாய்க்கு மஞ்சள் நிறத்தில் ஒரு மழை ஜாக்கெட்டும் வாங்கி வந்தாள். "அங்க எந்த நேரமும் மழையம்மா. இதைப் போட்டுக்கொண்டு நடவுங்கோ, ஒருத்தரையும் பாக்காதேங்கோ."

பாலசிங்கம் நல்ல மனிதர். குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, முப்பது வருடமாக ஒரு பேக்கரியில் விடிய மூன்று மணி வேலைக்குப் போகிறவர். அவரால் முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான். சொந்தக்காரர் இருக்கிற ஊருக்கு மேலால் சொல்லாமல் பறக்க முடியாது.

"லண்டனால போறம். தம்பியாக்களுக்குச் சொல்லாமல் போனா என்ன நினைப்பினம்?"

சொன்னார். தம்பி குடும்பம் நாலு பேர் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள். தம்பியின் மனைவி சுகந்தி தன் தாய் தகப்பனை விட்டுவிட்டு வர முடியாது என்றாள். தாய் தகப்பன் வந்தால் சுகந்தியின் தங்கையும் புருஷனும் எப்படி வராமல் இருப்பார்கள்? ஒரு கிழமைக்குள் இரண்டு பேர் பத்துப் பேரானார்கள். சின்ன வீட்டுப் பதிவை நீக்கிவிட்டு, "நல்ல பெரிய குசினி" உள்ள வீடாகத் தம்பி தேடிப் பிடித்தார். லண்டனில் நாலு நாள் விருந்து, வான் வண்டியில் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ஹரிஸ் தீவுக்கு மிஞ்சியது இரண்டு இரவு.

ஜெயமலர் அப்போது வாய் திறக்கவில்லை. ரைஸ் குக்கரைத் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தவள் அவள்தான். சரக்குத்தூளையும் காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவையும் மூன்று பைக்குள் இறுக்கிக் கட்டினவளும் அவள்தான். சலவையறைத் தரையைத் துடைக்கும்போது அவளை எரித்தது இதுவும்தான்.

தீவில் இறங்கிய உடனேயே பாலசிங்கம் துறைமுகத்தில் ஒரு மீன்காரரைக் கண்டுபிடித்துவிட்டார். உயிர் நண்டு, ஒவ்வொன்றும் விரித்த கையளவு. அந்த இடத்திலேயே அறிவித்தார்: "நாளைக்கு மலரின்ர கையால ஒடியல் கூழ்!" எல்லாரும் கை தட்டினார்கள். சுகந்தியின் தகப்பன், "ஸ்கொட்லாந்துக் கூழ்! பிள்ளை, இந்தச் சென்மத்தில கிடைக்குமோ?" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லாரும் கடற்கரைக்கு இறங்கினார்கள். "நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன்," என்றாள். ஒடியல் மாவை ஊறவைத்துக் கயர்ப்புத் தண்ணீரை வடிக்க வேண்டும். நண்டை உடைக்க வேண்டும். பயிற்றங்காயும் மரவள்ளியும் லண்டனிலிருந்து வந்திருந்தன, வெட்டுவதற்குக் கைதான் வரவில்லை. குசினி யன்னலால் கடற்கரை தெரிந்தது. கடல் வற்றுகிற நேரம். மணல் மைல் கணக்கில் விரிந்து கிடக்க, அதன் மேல் ஒன்பது பேர் கடுகு போல ஓடித் திரிந்தார்கள். நாட்காட்டிப் படம் இதைவிடப் பெரிதாக இருந்தது. அவள் கூழைத் துழாவினாள். விட்டால் அடிப்பிடிக்கும்.

இரண்டு மணிக்கு வந்து, வியர்க்க வியர்க்கக் குடித்து, கோப்பையை வழித்து நக்கினார்கள். படுத்தார்கள். அவள் சட்டி கழுவினாள். ஐந்து மணிக்கு மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டு, சிப்பைக் கழுத்துவரை இழுத்து, வாசல் கதவின் பிடியில் கை வைத்தாள்.

"மச்சாள்," என்றாள் சுகந்தி, கதிரையில் இருந்தபடியே. "பிள்ளையள் கூழ் குடிக்கேல்லை எல்லே. பசிக்குதாம். ரெண்டு ரொட்டி தட்டிப் போட்டுட்டுப் போங்கோவன், கெதியா முடிஞ்சிடும்."

ஜெயமலர் ஜாக்கெட்டைக் கழற்றினாள்.

யாரும் அவளைக் கட்டி வைக்கவில்லை. அவளே கழற்றினாள். ரொட்டி முடியும்போது மழை யன்னலை மறைத்துவிட்டது. மறுநாள் கப்பல் ஏழு இருபதுக்கு. வான் கடற்கரைச் சந்தியைக் கடக்கும்போது, "ஒரு அஞ்சு நிமிசம் நிப்பாட்டுங்கோவன்," என்று கேட்டாள். "கப்பல் விட்டிடும் மலர்," என்றார் பாலசிங்கம், திரும்பாமலே. "அடுத்த முறை பாப்பம்."

வியாழக்கிழமை சாருஜா தொலைபேசியில் கேட்டாள். "எப்பிடியம்மா இருந்தது? ஒரு படமும் அனுப்பேல்லை நீங்கள்."

ஜெயமலர் சொன்னாள். கூழையும் ரொட்டியையும் ஜாக்கெட்டையும் ஒழுங்காக, கோபமில்லாத குரலில் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம் தானே?"

"ஓம். சொல்லியிருக்கலாம்." குரலில் கோபம் இப்போதுதான் ஏறியது. "முப்பது வரியமாச் சொல்லாத வாய். ஸ்கொட்லாந்தில போய்த் திறக்குமோ? உன்ர கொப்பருக்கும் கேக்கத் தெரியாது, எனக்கும் சொல்லத் தெரியாது. நல்ல சோடி. சாருஜா, எனக்கு ஒக்டோபரில ஒரு கிழமை ஃபெரியன் லீவு மிச்சம் இருக்கு. அந்தச் சின்ன வீடு இருக்குமோ எண்டு பார்."

"ஒக்டோபரில சரியான குளிரம்மா. காத்து ஆளைத் தூக்கும்."

"தூக்கட்டும்."

"அப்பாவும் வாறாரோ?"

"ஒரு ஆளுக்குப் பார்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உருத்திரமூர்த்தியும் மனைவி இராஜேஸ்வரியும் வந்தார்கள். உருத்திரமூர்த்தி பாலசிங்கத்தோடு ஒரே அகதி முகாமில் இருந்தவர். படம் பார்க்க வரச்சொல்லிப் பாலசிங்கம் மூன்று தரம் அழைத்திருந்தார். தொலைக்காட்சியில் கைப்பேசியை இணைத்துவிட்டு, ரிமோட்டைப் பிடித்தபடி எழுந்து நின்றே விளக்கம் சொன்னார்.

"இது மலரின்ர ஆசைப் பயணம். கடற்கரை கடற்கரையெண்டு நாலு வரியமா என்ர காதைத் திண்டவ. சரி, மனிசி கேட்டதைச் செய்து குடுப்பமெண்டு கூட்டிக்கொண்டு போனன்."

ஜெயமலர் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். படங்கள் ஒவ்வொன்றாகப் போயின. பாலசிங்கம் தண்ணீருக்குள் கால் வைத்துத் துள்ளுகிறார். சுகந்தி தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பிறகு எல்லாரும் மணலில் வரிசையாக நிற்கிற படம்.

இராஜேஸ்வரி விரலை நீட்டி எண்ணினாள். எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. "பத்துப் பேரெண்டியள் அண்ணை, ஒன்பது பேரெல்லோ நிக்கினம்? மலரக்கா எங்க?"

"அவதான் படம் எடுத்தவ," என்றார் பாலசிங்கம் உடனே.

அந்தப் பொய் எவ்வளவு சுகமாக வந்தது என்று ஜெயமலர் பார்த்தாள். அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையாகவே பட்டிருக்க வேண்டும். கூழ் வந்தது, ரொட்டி வந்தது, படமும் வந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கேயோ மலர் நின்றிருப்பாள்தானே.

"நான் எடுக்கேல்லை," என்றாள். "கைப்பேசியைக் கல்லில சாத்தி வைச்சு எடுத்த படம் அது. கல்லின்ர நிழல் கீழ தெரியுது பாருங்கோ. நான் அந்தக் கடற்கரைக்குப் போகவே இல்லை, இராஜேஸ். கூழ் துழாவிக்கொண்டு நிண்டனான்."

உருத்திரமூர்த்தி சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

"பகிடி விடுறா," என்றார் பாலசிங்கம். காது சிவந்துவிட்டது. "சரி, சரி, அதுக்கென்ன, இன்னொருக்காப் போனால் போச்சு. ஒக்டோபரில இவவுக்கு ஒரு கிழமை ஃபெரியன் இருக்கு. அதில பரிஸுக்குப் போறம், என்ர மாமா பேத்திக்குச் சாமத்தியவீடு. பலகாரம் மலரின்ர பொறுப்பெண்டு சொல்லிப்போட்டன். அது முடியட்டும், அடுத்த வரியம்…"

"ஒக்டோபரில நான் ஹரிசுக்குப் போறன்."

"என்ன?"

"சாருஜா பதிஞ்சிட்டாள். அஞ்சு இரவு. ஒரு ஆளுக்கு."

பாலசிங்கம் ரிமோட்டைக் கதிரைக் கையில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார்.

"விசர்க்கதை கதைக்காதை, மலர். தனியவோ? உந்த வயசில, அந்தக் குளிருக்குள்ள, ஆரெண்டு தெரியாத சனத்துக்குள்ள தனியவோ? அங்க உனக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போறன்."

"நான் வாக்குக் குடுத்திட்டன்!"

"பலகாரம் சுடுறனெண்டு குடுத்தது உங்கட வாய். சுடப்போறது என்ர கை. கையிட்டையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பயற்றம் மா அலுமாரியில இருக்கு. செய்முறை வேணுமெண்டா இராஜேஸ் சொல்லித் தருவா."

"ஐயோ, என்னை இழுக்காதேங்கோ அக்கா," என்றாள் இராஜேஸ்வரி. ஆனாலும் அவள் வாயோரத்தில் ஏதோ ஒன்று அடக்க முடியாமல் அசைந்தது.

தொலைக்காட்சியில் ஒன்பது பேரும் இன்னமும் மணலில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஜெயமலர் தட்டை மேசையில் வைத்தாள். சீனிப் போத்தலை இராஜேஸ்வரியின் பக்கம் நகர்த்தினாள். பிறகு நடையிலுள்ள கொக்கியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். மஞ்சள் ஜாக்கெட் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது. அதைத் தொடவில்லை, வெளியே நல்ல வெயில்.

"நில்லு மலர். பரிஸில சனம் முழுக்கக் கேக்கும், மனிசி எங்கயெண்டு." பாலசிங்கத்தின் குரல் உரக்கத் தொடங்கி, பாதியிலேயே தணிந்தது. "நான் என்னத்தைச் சொல்லுறது?"

அவள் சப்பாத்துக்குள் காலை விட்டு, குனிந்து நாடாவை இறுக்கிக் கட்டி, கதவைத் திறந்து தனியே நடக்கப் போனாள்.